இடம் நிரப்ப வைத்த முகவரி

பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் மாட்டிய கருவிகளிடம் எவ்வளவு நெய்தாயிற்று என்று கேட்கும் கணினி நிரலை அக்கா பிரவீனா எழுதுகிறாள். கருவியின் முகவரியை நிரல் ஓடும்போதுதான் கொடுக்க வேண்டும். அதுவரை இடம் நிரப்ப ஏதோவொரு பொய் முகவரி வைத்திருந்தாள்.

அவள் புருஷன் மணிவண்ணன் மாமா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். அந்தக் கவலையில் இன்று முகவரி கொடுக்காமலே நிரலை ஓட்டிவிட்டாள். அந்தப் பொய் முகவரியில் எந்தத் தறியும் இல்லை, பிழைதான் வர வேண்டும். "நெய்பவர் மணிவண்ணன், தறி ஓடுகிறது" என்று பதில் வந்தது.

"இன்னாக்கா, மாமா படுத்துக்கினே நெய்யறாரா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மாமா நெய்யும் எங்கள் தறியின் சரியான முகவரியைக் கொடுத்தாள். "தறி நிற்கிறது, ஆளில்லை" என்று வந்தது.

"தப்பைத் திருத்திடுக்கா."

"வேணாம்டி. அவரு நெய்யட்டும்."

சரியான முகவரியை அழித்துவிட்டுப் பொய் முகவரியிடமே திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு பதிலிலும் புடவை ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.