மூன்றாம் தண்ணீர்

மார்கழி மழை மூன்று நாளாக ஓயவில்லை. சிராங்கூன் சாலையின்மேல் வானம் கனத்துத் தாழ்ந்து கிடக்க, ஊரார் தத்தம் கதவடைத்துத் தத்தம் விளக்கொளிக்குள் ஒடுங்கியிருந்தனர்.

“அண்ணே, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு!”

எதிர் அறைக் கண்மணி மருதப்பனின் வாசலில் நின்று விம்மினாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கணவன் சேதுபதியோ கப்பல் வேலையில் கடல்மேல் இருந்தான்.

“எனக்கு இதுவரை போட்டதில்ல. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, கிட்டவே போகாதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முன்னாடி போட்டவங்கதான் பார்த்துக்கணுமாம். கேட்டவங்க எல்லாரும் பின்வாங்குறாங்க.”

அந்த மாடியில் எட்டாண்டாக ஒண்டியாய் வாழும் மருதப்பனிடம், ‘சாப்பிட்டீங்களா’ என்றுகூட யாரும் கேட்டதில்லை. அவர் தம் கதவை அகலத் திறந்தார்.

“எனக்கு அஞ்சு வயசிலேயே போட்டு இறங்கியாச்சும்மா. பிள்ளையை இங்கே அனுப்பு.”

அச்சகத்தில் லீவு சொன்னார். நிலைப்படியில் வேப்பிலை செருகினார். ஆறு வயதுப் பாக்கியத்துக்கு நகம் வெட்டி, இளநீர் புகட்டி, அரிக்கும் இடமெல்லாம் வேப்பங்கொத்தால் வருடிக்கொடுத்து, அம்மன்மேல் பதிகம் பாடினார்.

“மாமா, நீங்க பாடுனா அம்மனுக்கே தூக்கம் வரும்.”

“வரட்டுமே! அவ தூங்கினாத்தான் நீ எழுந்து ஆடலாம்.”

பதினைந்தாம் நாள், பொருக்கெல்லாம் உதிர்ந்த உடம்புக்கு மஞ்சளும் வேப்பிலையும் ஊறிய மூன்றாம் தண்ணீரையும் ஊற்றி, பாக்கியத்தைத் தாயிடம் அனுப்பினார்.

மகளை வாரியணைத்த கண்மணி எதிர்வாசலிலிருந்தே அழைத்தாள்.

“இலை போட்டுட்டேன், வாங்கண்ணே! இனிமே தினமும் நம்ம வீட்லதான் சாப்பாடு.”

எட்டாண்டாக அவர் காத்திருந்த சொல். ஆயினும் மருதப்பன் படி தாண்டவில்லை.

“வேலை கிடக்கும்மா. இன்னொரு நாள் பார்ப்போம்.”

“ரொம்பத்தான் பிகு பண்ணாதீங்க லா!”

“மாமாவுக்கு வெட்கம்!” என்று பாக்கியம் கைகொட்டிச் சிரித்தாள்.

கதவைத் தாழிட்டார். விளக்கேற்றி, சட்டையைக் கழற்றினார். அன்று விடியலில் மார்பில் அரும்பியிருந்த நான்கு அம்மை முத்துகளைக் குனிந்து பார்த்துக் கைகூப்பினார்.

“நாப்பத்திரண்டு வருஷத்தில இப்பத்தான் முதல் தடவையா என்கிட்ட வந்திருக்கே, தாயே! இங்கேயே இரு. எதிர்வீட்டுப் பக்கம் போயிடாதே. அந்தப் பிள்ளைங்க நூறு வயசு வாழட்டும்.”