வியாழக்கிழமை வரை

சாலவாக்கம் ஏரிக்குக் கீழே, நடவு வயலின் தண்ணீரில் உச்சிவெயில் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. கூழ் குடிக்கக் கரையேறிய பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கேணிக்கு மட்டும் கூழ் இறங்கவில்லை. தூக்குச்சட்டியை மடியில் வைத்து அடிவயிற்றை மறைத்துக்கொள்கிறாள். கர்ப்பப்பையை ஒட்டி, சினைப்பையில் கட்டி இருப்பதாக உத்திரமேரூர் டாக்டரம்மா சொன்னதிலிருந்து அவளை அறியாமல் கை அங்கேயே போகிறது. அது என்ன கட்டி என்று செங்கல்பட்டுப் பெரிய டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் வளர்ந்துவிடுமோ என்று சட்டிக்கடியில் விரலை விட்டு அழுத்திப் பார்க்கிறாள்.

பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் அதைக் கவனித்துவிட்டு நகர்ந்து வந்து உட்காருகிறாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியை ஒதுக்கிவிட்டுச் செங்கேணியின் வயிற்றின்மேல் கை வைக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து வந்த சேதி என்று அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“முழுவாம கீறியாடி? எங்கிட்டகூட சொல்லலியே.”

செங்கேணி அந்தக் கையை விலக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இன்னும் அழுத்திக்கொள்கிறாள்.

“கொயந்த இல்லக்கா. கட்டி. அத்த அறுத்து எடுத்துட்டா, அப்பறம் எனக்குக் கொயந்த தங்குமா?”

சிட்டம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சேற்றில் இறங்குகிறார்கள். நாற்றுக்கட்டு தொப்பென்று தண்ணீரில் விழுகிறது.

“சொல்லுக்கா,” என்கிறாள் செங்கேணி.

சிட்டம்மாள் வயல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். குனிந்த முதுகுகள் நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்து போகின்றன. செங்கேணி அவள் கையை விடவில்லை.