அரசியின் கழுத்து

ஜன்னல்களை அடைத்த அறையில் இரண்டு பெரிய விளக்குகள் தகிக்கின்றன. மேஜைமேல் ஒரு சாண் உயர மெழுகு அரசி நிற்கிறாள். பொம்மைக்காரி மூச்சை அடக்கிக்கொண்டு அரசியின் கையை மயிரிழை அளவு உயர்த்திவிட்டு விலகுகிறாள். அவளுடைய தம்பி கேமராவின் கைப்பிடியை ஒரே ஒரு சுற்று சுற்றுகிறான். டக். ஒரு படம். காலையிலிருந்து முன்னூறு எடுத்தாயிற்று. வரிசையாகத் திரையில் ஓடினால் பொம்மை தானாக அசையும், ஆனால் இருபது வினாடிகூட வராது. இன்னும் பத்தே படம். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

"அக்கா, கழுத்தைப் பாரு." விளக்குச் சூட்டில் அரசியின் கழுத்து இளகி, தலை முன்னால் சரிகிறது. போருக்குப் போகும் மகனுக்கு அரசி நிமிர்ந்து நின்று கையசைக்க வேண்டும், அதுதான் கதை. தொட்டு நிமிர்த்தினால் இளகிய கழுத்தில் விரல் தடம் பதிந்துவிடும். "விளக்கை அணைச்சிடவா?" "வேண்டாம், வெளிச்சம் மாறிடும். நீ சுத்து." "தலை சாயுதே!" "சாயட்டும்டா. பெத்தவ வேற எப்படி நிப்பா?"

அசைக்கத் தூக்கிய அரசியின் கையைப் பொம்மைக்காரி அரசியின் முகத்தை நோக்கியே திருப்புகிறாள். டக். இன்னும் கொஞ்சம். டக். நெற்றி வியர்வை மேஜையில் சொட்டாமல் தோளில் துடைத்துக்கொள்கிறாள். பத்தாவது படத்தில், விழவிருந்த தலையை அந்தச் சின்னக் கை தாங்கிக்கொள்கிறது. தம்பி கைப்பிடியை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சுகிறான்.