கதவின் கால்

ஒரு வீட்டுக் குளியலறையில் தரையின் வாட்டம் தப்பாக இருந்தது. ஊற்றிய தண்ணீர் மூலையிலிருந்த வடிகாலின் சல்லடை மூடிக்குப் போகாமல், மரக்கதவின் காலடிக்கு வந்து தேங்கும். பன்னிரண்டு வருடம் ஈரத்தில் நின்று கதவுக்குக் கால் அழுகிவிட்டது.

“நீ ஒரு சொட்டாவது குடிச்சதுண்டா?” என்று சல்லடையிடம் எரிந்து விழும் கதவு.

“வந்தா குடிக்கமாட்டேனா அண்ணே? அது உங்களைத் தேடியில்ல வருது!”

கோளாறு தரையில்தான் என்று அப்போதுதான் கதவுக்கு உறைத்தது.

“தரையைப் பாருங்கய்யா!” என்று வீட்டுக்காரரிடம் தினமும் கிறீச்சிட்டது. அவர் கீலுக்கு எண்ணெய் விட்டார். இன்னும் உரக்கக் கிறீச்சிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டார்.

கடைசியில் டைல்ஸே பெயர்ந்து ஆட ஆரம்பித்ததும் கொத்தனார் வந்தார். பழைய தரையை உடைத்துப் புதிதாகப் பதித்தார். இனியாவது விடியும் என்று கதவு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது சற்றுத் தயங்கிவிட்டு, பழைய பழக்கம் போல நேரே கதவிடமே வந்தது.

“தரை பிரமாதம் சார். கதவுதான் உளுத்துப்போச்சு, மாத்திருங்க” என்றார் கொத்தனார்.

கதவைக் கழற்றி வெயிலில் சாய்த்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் அன்றுதான் அதன் கால் காய்ந்தது. அந்த வழியாக உள்ளே போன புது பிளாஸ்டிக் கதவு மரியாதையாகக் கேட்டது:

“உள்ளே ஏதாவது தொந்தரவுன்னா யாருகிட்ட சொல்லணும் பெரியவரே?”

“யாருகிட்ட வேணும்னாலும் சொல்லு தம்பி,” என்றது மரக்கதவு. “உடனே எண்ணெய் விடுவாங்க.”