முதுகில் ஒட்டியது

"அந்த ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போடாம எங்கிட்ட காட்டியிருக்கலாம்ல? அது மட்டும் கையில இருந்தா இந்த ஸ்கூலையே ரெண்டுல ஒண்ணு பார்த்திருப்பேன்!"

தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நின்று கிடங்கு சூப்பர்வைசர் குதித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கிடங்கில் அவர் குரல் கேட்டாலே லாரி டிரைவர்கள் பீடியை அணைப்பார்கள். மகளிடம் மட்டும் வெண்ணெயாய் உருகுவார். அந்தச் செல்ல மகள் கொஞ்ச நாளாகக் காலையில் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பியது. நேற்றுதான் அம்மா நயமாகப் பேசி விஷயத்தைக் கறந்தாள். கூடப் படிக்கும் ஒருத்தி தினமும் இவள் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டுகிறாளாம். வகுப்பே பார்த்துச் சிரிக்கிறதாம்.

"உள்ளே வாங்க சார். சொன்ன நேரம் தாண்டிடுச்சே" என்றார் தலைமை ஆசிரியை.

"மன்னிக்கணும் மேடம். லேட்டா வந்த ஒருத்தனைக் கவனிச்சுட்டு வர நேரமாயிடுச்சு."

உள்ளே நின்றிருந்த சிறுமியைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். ஊதினால் பறந்துவிடுவாள் போலிருந்தாள்.

"நீதானா அது? என் பொண்ணு உன்னை என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலை."

"பின்னே ஏன்?"

"என்ன சொன்னாலும் திருப்பிப் பேச மாட்டா. சிரிச்சுட்டுப் போயிடுவா. எங்கப்பாவும் அப்படித்தான். பார்த்தாலே எரிச்சலா வருது."

"கேட்டீங்களா மேடம்? நானும் ஸ்கூல்ல பட்டவன். 'தவளை'ன்னு கூப்பிட்டே என்னை அழ வெச்சாங்க. அந்த வலி எனக்குத் தெரியும். எல்லாம் வளர்ப்பு சரியில்லை. இவ அப்பன் எங்கே? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்!"

"வருவார். பர்மிஷன் கேட்டா திட்டு விழுமாம். டீ நேரத்துல ஓடி வரேன்னார்."

சொல்லி முடிக்கவில்லை, கதவு திறந்தது. மூச்சு வாங்க ஓர் ஆள் கைகூப்பியபடி வந்தான்.

"மன்னிச்சிடுங்க மேடம், சின்னப் பொண்ணு..." என்றவன் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் சட்டென்று நின்றான். "சார், நீங்களா?"

அவருடைய கிடங்கில் பெட்டி கட்டுகிறவன். சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதற்குள் அந்தப் பெண் அப்பாவின் பின்னால் போய், பழகிய கையால் முதுகிலிருந்து எதையோ உரித்தாள்.

"இன்னிக்கும் ஒட்டிட்டாங்களாப்பா?"

மேஜையில் வைத்தாள். சிவப்பு ஸ்டிக்கர். 'சேதம். தனியே வைக்கவும்.' கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து. உடைந்த பெட்டிகளுக்கானது அது. தாமதமாக வருகிறவன் முதுகிலும் ஒட்டி, சாயங்காலம் வரை எடுக்கக் கூடாது என்பது அவர் கண்டுபிடித்த தமாஷ். கிடங்கே சிரிக்கும்.

"இப்படி உரிச்சதைத்தான் மேடம், எடுத்துட்டு வந்து அவ முதுகுல ஒட்டினேன்" என்று விசும்பினாள் அவள்.

திரும்பினார் சூப்பர்வைசர். வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதாப்பா? அம்மா பார்த்துடக் கூடாதேன்னுதான் கிழிச்சேன்."