ஊதாத விசில்

"ரெஃப்ரி மேல புகார் கொடுக்கணும் சார்."

கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதி அப்போதுதான் முடிந்திருந்தது. போட்டிச் செயலாளர் நிமிராமலே படிவத்தை நீட்டினார்.

"எழுதும்மா. தோத்துட்டா எல்லாருக்கும் ரெஃப்ரி வில்லன்தான்."

தோளில் துண்டோடு நின்ற அந்தப் பெண் நிதானமாக எழுதினாள்.

"முதல் பாதியில முழங்கையால இடிச்சா ஊதினாரு சார். கடைசியில அதே இடி, மூணு தடவை. ஒண்ணுக்குகூட ஊதல. வீடியோ இருக்கு."

அவர் அவளது போனை வாங்கிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! இந்த ஏழாம் நம்பர் பொண்ணு எதிராளி விலாவையே பேத்திருக்காளே! மறுபடி ஆட வச்சா ஃபைனல் அவங்க கையை விட்டுப் போனாலும் போயிடும்."

"தெரியும் சார்."

கையெழுத்துப் போடக் குனிந்தாள். துண்டு நழுவியது. சட்டையில் ஏழு.

அவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க... ஜெயிச்ச டீமாச்சே!"

"மூணாவது தடவை நான் இடிச்சதுல அந்தப் பொண்ணு சுருண்டு விழுந்துட்டா சார். ஊதுவாருன்னு நானே ஒரு நொடி நின்னேன். ஊதல. பந்தைக் கூடையில போட்டுட்டேன். அந்த ரெண்டு பாயிண்ட்லதான் ஜெயிச்சோம்."

"உங்க டீம் சண்டைக்கு வராதா?"

"வெளியே நிக்கிறாங்க சார். அவங்களும் கையெழுத்துப் போடணுமாம்."

செயலாளர் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.