அம்மா பிடித்த திரை

கம்பெனி கொடுத்த லேப்டாப் கைக்கு அடக்கமானதுதான். ஆனால் மூன்றாம் மாதமே அதன் கீல் கழன்றுவிட்டது. நிமிர்த்தி வைத்த திரை, பஸ்ஸில் தூங்குகிறவன் தலையைப்போல விழுந்துகொண்டே இருந்தது. அடுக்களைத் தகரச் சம்படத்தை முட்டுக்கொடுத்தால் கேமராவில் மின்விசிறிதான் தெரிந்தது. புகார் சொன்னால், பார்த்துப் பயன்படுத்தச் சொல்லிப் பதில் வந்தது. வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கிய இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைய வீடியோ கூட்டத்தில் அவள் முகம் தெரிந்தே ஆகவேண்டும். அவள் செய்து முடித்த வேலையை மேனேஜர் தன்னுடையதென்று பெரிய அதிகாரிகளுக்குக் காட்டப்போகிறார்.

அம்மா எதிரே உட்கார்ந்து, பின்னாலிருந்து இரண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது மகளின் முகம் மட்டுமே. புரியாத இங்கிலீஷ் அவள் கைகளுக்கு நடுவிலிருந்து வந்துகொண்டிருந்தது. திடீரென்று இசக்கி குறுக்கே பேசினாள். மூக்கு விடைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஓர் ஆண்குரல் எகிறி, திக்கி, அடங்கிப்போனது. பிறகு வேறொரு குரல் மெதுவாக ஏதோ கேட்டது. இசக்கி நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுத் திரையை மூடினாள்.

"ஏட்டி, அவன் ஒன்னய ஏசுனானா, நீ அவன ஏசுனியா?"

"நாந்தாம்மா ஏசுனேன். எல்லாம் நான் செஞ்ச வேலைன்னு சொல்லிட்டேன்."

"பொறவு என்னத்துக்கு அதுக்குள்ள மூடுத? எனக்குக் கை ஒண்ணும் வலிக்கலயே."